கைதியாக வந்தவர், கோல்கீப்பராக நின்றவர்: யார் இந்த பெர்ட் ட்ராட்மேன்?

கழுத்தெலும்பு உடைந்த பிறகும் ஃபைனலில் 17 நிமிடம் கோல் போஸ்ட்டை விட்டு நகராமல் நின்ற ஒரு கோல்கீப்பரைப் பற்றி வாட்ஸ்அப்பில், ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் கேட்டாலும், "ஆமா, அந்த ஜெர்மன்காரர்தானே" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அது கட்டுக்கதை இல்லை. உண்மையாகவே நடந்தது. அவர் பெயர் பெர்ட் ட்ராட்மேன்.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் அந்த 17 நிமிடத்தைவிடக் கடினமான காலம் ஒன்று உண்டு. ஹிட்லரின் படையில் சண்டை போட்டு, பிரிட்டனிடம் போர்க்கைதியாகச் சிக்கியவர், அதே பிரிட்டனில் தொழில்முறை கால்பந்து வீரராக ஆனது எப்படி? போர் முடிந்து ஐந்து வருடம்கூட சரியாக ஆகாத நிலையில், அவரை அந்த ஊர் மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

சுருக்கமாக

• பிறப்பு: 1923 அக்டோபர் 22, ஜெர்மனியின் பிரெமன் நகரம்
• 1945-ல் பிரிட்டிஷ் படையிடம் சிக்கினார். 1948 வரை போர்க்கைதி
• 1949 முதல் 1964 வரை மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர். மொத்தம் 545 ஆட்டங்கள்
• 1956-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றார். அதே ஆண்டு இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரர் விருது
• 2013 ஜூலை 19-ல் ஸ்பெயினில் காலமானார். வயது 89

போருக்கு முன் யார் இவர்?

முழுப்பெயர் பெர்ன்ஹார்ட் கார்ல் ட்ராட்மேன். அப்பா பிரெமன் துறைமுகப் பகுதியில் வேலை பார்த்தவர். பொருளாதார நெருக்கடியில் வீட்டை விற்றுவிட்டு, தொழிலாளர்கள் வாழும் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பம். சிறுவனுக்குக் கால்பந்து, ஹேண்ட்பால் என்றால் உயிர்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ட்ராட்மேனுக்கு வயது 9. அதே ஆண்டு ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். விளையாட்டு, முகாம், பாட்டு என்று ஆரம்பித்து, பிள்ளைகளின் மனதில் இனவெறியை ஏற்றிய அமைப்பு அது. ட்ராட்மேனும் அதை நம்பித்தான் வளர்ந்தார். பின்னாளில் அவர் இதை மறைத்ததே இல்லை.

மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்தவர் 1941-ல் விமானப்படையில் சேர்ந்து, பிறகு பாராசூட் படைக்கு மாறினார். சோவியத் யூனியனுக்கு எதிரான கிழக்குப் போர்முனையில் மூன்று ஆண்டுகள். வீரத்துக்கான 'அயர்ன் கிராஸ்' பதக்கமும் கிடைத்தது.

உக்ரைன் பகுதியில் ஒரு காட்டுக்குள், சாதாரண மக்களைப் பள்ளத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றதை அவர் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார். நாஜிக் கொலைப்படைகள் செய்த படுகொலை அது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இதைப் பற்றி வெளியே பேசினார்.

போர் முடியும்போது, அவருடைய ரெஜிமெண்டில் ஆரம்பத்தில் இருந்த ஆயிரம் பேரில் சுமார் 90 பேர்தான் உயிரோடு இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ரஷ்யர்களிடமும் பிரெஞ்சு எதிர்ப்புப் படையிடமும் சிக்கித் தப்பியவர், 1945-ல் கடைசியாக பிரிட்டிஷ் வீரர்களிடம் மாட்டினார். அப்போது அவருக்கு வயது 21.

கைதி முகாமில் என்ன நடந்தது?

பிரிட்டன், ஜெர்மன் கைதிகளை அவர்களின் அரசியல் எண்ணத்தை வைத்து மூன்றாகப் பிரித்தது. 'ஏ' என்றால் நாஜி எதிர்ப்பாளர். 'பி' என்றால் இரண்டுங்கெட்டான். 'சி' என்றால் நாஜிக் கொள்கையில் ஊறியவர். ட்ராட்மேனுக்கு முதலில் கிடைத்தது 'சி'. அதாவது ஆபத்தான ஆள் என்ற முத்திரை. பிறகு அது 'பி' ஆனது.

வடமேற்கு இங்கிலாந்தில் சில முகாம்கள் மாறி, ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த 50-ம் எண் முகாமுக்கு வந்தார். அங்கிருந்து மான்செஸ்டர், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தூரத்துக்குள்தான்.

1946-ல் பிரிட்டனில் சுமார் 4 லட்சம் ஜெர்மன் கைதிகள் இருந்தார்கள். பண்ணை, சாலை, கட்டுமானம் என்று வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளூர் மக்களோடு பழகவே கூடாது என்ற தடை 1946 டிசம்பரில்தான் நீங்கியது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பல ஆங்கிலேயக் குடும்பங்கள் கைதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டன. ஆங்கிலேயப் பெண்ணைக் கைதி திருமணம் செய்யலாம் என்ற அனுமதி 1947-ல் வந்தது.

முகாம்களில் வதைமுகாம் பற்றிய படங்களைக் கைதிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ட்ராட்மேனும் பார்த்தார். தன்னுடைய உண்மையான படிப்பு ஆரம்பித்ததே இங்கிலாந்து வந்த பிறகுதான் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'நாம் எதிரி என்று நினைத்தவர்கள் நம்மை மனிதனாக நடத்துகிறார்கள்' என்பதை அவர் நேரில் பார்த்தது இந்த முகாம் வாழ்க்கையில்தான்.

கோல்கீப்பர் ஆனது எப்படி?

இது தற்செயலாக நடந்தது. முகாம் அணியில் அவர் முதலில் ஆடியது நடுப் பின்கள வீரராக. உள்ளூர் அமெச்சூர் அணியோடு நடந்த ஒரு ஆட்டத்தில் அடிபட்டது. "நான் கொஞ்சம் கோல் போஸ்ட்டில் நிற்கிறேன், நீ வெளியே ஆடு" என்று கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கோல் போஸ்ட்டை விட்டு வரவே இல்லை.

'பெர்ட்' என்ற பெயரும் அங்கே வந்ததுதான். 'பெர்ன்ட்' என்பது ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. சுருக்கி 'பெர்ட்' ஆக்கிவிட்டார்கள்.

1948-ல் முகாம்கள் மூடப்பட்டன. ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். அவர் போகவில்லை. ஏறக்குறைய 25,000 ஜெர்மன் கைதிகள் இப்படி பிரிட்டனிலேயே தங்கினார்கள். கொஞ்ச நாள் பண்ணை வேலை, பிறகு லிவர்பூல் அருகே வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி. ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளை ஒரு ஜெர்மன்காரரே தோண்டி எடுக்கும் வேலை!

வார இறுதியில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சின்ன கிளப்புக்கு ஆடினார். லீக் அந்தஸ்து இல்லாத, நம்மூர் டவுன் கிளப் மாதிரியான அணி. 1949-ல் அந்த அணி ஆடிய ஒரு உள்ளூர் கோப்பை ஃபைனலுக்கு 9,000 பேர் வந்தார்கள். "இந்த ஜெர்மன் கீப்பரைப் பார்த்தே ஆகணும்" என்று கூட்டம் கூடியது. பெரிய கிளப்புகளின் கண்ணிலும் பட்டார்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. அடுத்த மாதமே தொழில்முறை வீரராக ஒப்பந்தம்.

20,000 பேர் தெருவுக்கு வந்தது ஏன்?

முதல் உலகப்போரில் 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. ஒரே ஒரு இரவுத் தாக்குதல். நூறு வருடம் தாண்டியும் "அவன் பெரிய எம்டன்" என்று நாம் சொல்கிறோம். ஒரே இரவுக்கே இப்படியென்றால், மாதக்கணக்கில் குண்டு விழுந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்?

1940 டிசம்பரில் மான்செஸ்டர் நகரமே எரிந்தது. 1941 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. மைதானம் ஆட முடியாத அளவுக்கு நாசமானது. அதனால் யுனைடெட் அணி போட்டி அணியான சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தைக் கடன் வாங்கி ஆடியது. ஓல்டு டிராஃபோர்டு மறுபடி திறந்தது 1949 ஆகஸ்ட்டில்.

இரண்டே மாதத்தில், அதே மெய்ன் ரோடுக்கு ஒரு ஜெர்மன் பாராசூட் வீரர் கோல்கீப்பராக வருகிறார். கற்பனை செய்து பாருங்கள்.

மான்செஸ்டரில் யூத சமூகமும் பெரியது. ஐரோப்பாவில் உறவினர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் "இனி மைதானத்துக்கு வர மாட்டோம்" என்று மிரட்டினார்கள். கிளப்புக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எதிர்ப்புக் கூட்டத்தில் சுமார் 20,000 பேர் கலந்துகொண்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

போதாக்குறைக்கு இன்னொரு அழுத்தம். அவருக்கு முன்பு அந்த இடத்தில் நின்றவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இங்கிலாந்து அணியின் கேப்டனாகவே இருந்த, மக்களுக்கு ரொம்பப் பிடித்த கோல்கீப்பர். ட்ராட்மேனின் முதல் லீக் ஆட்டத்தில், 1949 நவம்பர் 19 அன்று, போல்ட்டன் அணியிடம் சிட்டி 3-0 என்று தோற்றது.

எதிர்ப்பு எப்படி அடங்கியது?

ஒரே நாளில் அடங்கவில்லை. மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, அணியின் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட். அவர் நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை போட்டவர். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் ட்ராட்மேன் வந்த முதல் நாளே, இந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போர் கிடையாது, மற்றவர்களைப் போலத்தான் நீயும் என்று சொல்லி வரவேற்றார். அணிக்குள் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, ஒரு கடிதம். எழுதியவர் மான்செஸ்டரின் யூத மதகுரு ரப்பி அலெக்சாண்டர் ஆல்ட்மன். இவரே ஜெர்மனியில் இருந்து 1938-ல் தப்பி வந்தவர். இவருடைய பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். அப்படிப்பட்டவர் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார்: ஜெர்மானியர் செய்த கொடுமைகளை மறக்க முடியாது, ஆனால் அந்தக் குற்றத்துக்காக ஒரு தனி மனிதரைத் தண்டிக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் அவரவர் நடத்தையை வைத்தே எடைபோட வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

இதை யோசித்துப் பாருங்கள். மன்னிக்கச் சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அது ஆல்ட்மனுக்குத்தான். அவர் 'எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்' என்று சொல்லவும் இல்லை. குற்றம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். கடிதத்துக்குப் பிறகு எதிர்ப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

மூன்றாவது, ட்ராட்மேனின் ஆட்டம். 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியோடு ஆட்டம். ஜெர்மன் குண்டுவீச்சில் பயங்கரமாகச் சிதைந்த நகரம் லண்டன். அங்கே அவர் ஆடும் முதல் ஆட்டம். கூட்டம் அவரை 'நாஜி' என்று கத்தியது. சிட்டி பலவீனமான அணி, பெரிய தோல்வி நிச்சயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ட்ராட்மேன் பந்துக்குப் பந்து பாய்ந்து தடுத்தார். கடைசியில் ஃபுல்ஹாம் 1-0 என்று மட்டும்தான் ஜெயிக்க முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு அணி வீரர்களும் வரிசையாக நின்று அவருக்குக் கைதட்டி வழியனுப்பினார்கள்.

அந்த சீசனில் சிட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே மேலே ஏறியது. அணியின் முதல் 250 ஆட்டங்களில் ட்ராட்மேன் ஆடாதது ஐந்தே ஐந்துதான்.

ஆட்டத்தில் என்ன புதுமை செய்தார்?

அந்தக் காலத்து கோல்கீப்பர்களின் வேலை, பந்தைப் பிடிப்பது, ஓங்கி உதைப்பது. அவ்வளவுதான். பந்து யாரிடம் போகும் என்பது அதிர்ஷ்டம்.

ட்ராட்மேன் சின்ன வயதில் ஹேண்ட்பால் ஆடியவர் இல்லையா? தோள் பலம் அதிகம். பந்தைப் பிடித்ததும் தன் அணி வீரரைப் பார்த்து நீளமாக, குறிபார்த்து எறிவார். எதிரணி திரும்புவதற்குள் சிட்டி தாக்குதலை ஆரம்பித்துவிடும்.

1953-ல் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று ஹங்கேரி தோற்கடித்தது நினைவிருக்கலாம். அந்த ஹங்கேரியின் பாணியைப் பின்பற்றி மான்செஸ்டர் சிட்டி ஒரு திட்டம் வகுத்தது. முன்கள வீரர் டான் ரெவி கொஞ்சம் பின்னால் இறங்கி நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். இதற்கு 'ரெவி பிளான்' என்று பெயர். அந்தத் திட்டத்தின் முதல் பாஸ் பெரும்பாலும் ட்ராட்மேன் கையில் இருந்துதான் கிளம்பும்.

இன்றைக்கு எல்லா கோல்கீப்பர்களும் செய்கிற வேலை இது. அன்றைக்கு அது புதுசு.

1956 ஃபைனலில் என்ன நடந்தது?

1955 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலுக்கு சிட்டி போனது. அந்த ஃபைனலில் ஆடிய முதல் ஜெர்மானியர் ட்ராட்மேன். ஆனால் நியூகாசிலிடம் 3-1 தோல்வி. ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே சிட்டியின் ஜிம்மி மெடோஸ் காயத்தால் வெளியேற, மீதி நேரம் முழுக்க பத்து பேராகவே ஆட வேண்டியிருந்தது. ஏனென்றால் அப்போது மாற்று வீரர் என்ற விதியே கிடையாது. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956 மே 5. மறுபடி வெம்பிளி, மறுபடி ஃபைனல். எதிரணி பர்மிங்காம் சிட்டி. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பத்திரிகையாளர்கள் சங்கம் அவரை அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. விருது வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான். 'நாஜி' என்று கத்தப்பட்டு ஆறு ஆண்டுகளில் இது நடந்தது.

சிட்டி 3-1 முன்னிலை. ஆட்டம் முடிய சுமார் 17 நிமிடம் பாக்கி. பர்மிங்காமின் பீட்டர் மர்ஃபி பந்தோடு வேகமாக வருகிறார். ட்ராட்மேன் அவர் காலடியில் பாய்கிறார். மர்ஃபியின் முழங்கால் அவருடைய கழுத்தில் மோதுகிறது. நினைவு தப்பி விழுகிறார்.

மாற்று கோல்கீப்பர் கிடையாது. அவர் வெளியேறினால் வேறு யாராவது ஒரு வீரர் கோலில் நிற்க வேண்டும், அணி பத்து பேராக ஆட வேண்டும். போன வருஷம் பத்து பேராக ஆடித் தோற்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். தள்ளாடிக்கொண்டே எழுந்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டே மேலும் சில பந்துகளைத் தடுத்தார். இடையில் சொந்த அணி வீரரோடும் ஒருமுறை மோதினார். ஆட்டம் 3-1 என்று முடிந்தது. கோப்பை சிட்டிக்கு.

பதக்கம் வாங்கப் போனபோது அவருடைய கழுத்து ஒரு பக்கம் கோணியிருந்ததை இளவரசர் ஃபிலிப்பே கவனித்தார். அன்று இரவு விருந்துக்கும் போனார். லண்டனில் பார்த்த டாக்டர், சுளுக்கு மாதிரிதான், சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். மூன்று நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கழுத்தில் ஐந்து எலும்புகள் இடம் நகர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

பிழைத்தது எப்படி?

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவே தண்டுவடம் போகிறது. இரண்டாவது எலும்பு உடைந்து நகர்ந்தால் தண்டுவடம் நசுங்கி, மூச்சே நிற்கலாம். ட்ராட்மேனுக்கு மூன்றாவது எலும்பு நகர்ந்து வந்து, உடைந்த இரண்டாவது எலும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு தற்செயலால்தான் அவர் உயிர் தப்பினார். இன்னொரு மோதல் சரியான கோணத்தில் விழுந்திருந்தால் வெம்பிளியிலேயே செத்திருப்பார்.

அதனால் இதை 'வீரம்' என்று மட்டும் சொல்லிப் பகிர்வது ஆபத்து. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் காயமடைந்தவருக்குப் பதில் ஒருவரை இறக்கலாம் என்ற விதி 1965-ல்தான் வந்தது. இன்று ஐந்து மாற்று வீரர்கள் வரை இறக்கலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் கூடுதலாக ஒருவரை இறக்கவும் விதி இடம் கொடுக்கிறது. இன்றைக்கு யாரும் ட்ராட்மேன் மாதிரி நிற்கத் தேவையில்லை.

உள்ளூர் ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டால் என்ன செய்யணும்?

• விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். படுத்தபடியே இருக்கட்டும்
• ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்
• வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்
• மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்
• பைக்கிலோ ஆட்டோவிலோ ஏற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்
• கை, கால் மரத்துப்போகுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு, கழுத்து எலும்பைத் தொட்டால் வலிக்குது என்று சொன்னால் 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து உருவவே கூடாது. எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் கட்டாயம்

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. டோர்னமென்ட் நடத்துபவர்கள் ஆம்புலன்ஸ் எந்த வழியாக மைதானத்துக்குள் வரும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

சம்பளம் எவ்வளவு? தேசிய அணியில் ஆடினாரா?

இன்றைய கோடிகளை நினைத்துப் பார்க்காதீர்கள். அன்று இங்கிலாந்தில் கால்பந்து வீரருக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. ட்ராட்மேன் சேர்ந்தபோது எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் வாரத்துக்கு 12 பவுண்டுதான். 1961-ல் அந்த உச்சவரம்பு நீக்கப்படும்போது அது 20 பவுண்டு. ட்ராட்மேனின் நல்ல காலம் முழுக்க இந்த வரம்புக்குள்ளேயே போய்விட்டது.

1952-ல் ஜெர்மனியின் ஷால்கே கிளப் அவரை வாங்க 1,000 பவுண்டு தருவதாகக் கேட்டது. அவர் மதிப்பு அதைப் போல 20 மடங்கு என்று சொல்லி சிட்டி மறுத்துவிட்டது.

மேற்கு ஜெர்மனி தேசிய அணிக்கு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அன்றைய பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், ஜெர்மனிக்குள் ஆடுபவர்களைத்தான் எடுப்பார். 1954-ல் மேற்கு ஜெர்மனி உலகக்கோப்பையே வென்றது. ட்ராட்மேன் அந்த அணியில் இல்லை. 1966-ல் உலகக்கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது, ஜெர்மன் அணிக்குத் தொடர்பு அதிகாரியாக மட்டும் உதவினார்.

யோசித்தால், இங்கிலாந்தில் இவர் ஜெர்மன்காரர். ஜெர்மனியில் இவர் வெளிநாட்டில் ஆடுபவர். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியேதான் நின்றார்.

அதற்குப் பிறகு வாழ்க்கை எப்படி?

ஃபைனல் முடிந்த சில வாரங்களிலேயே பெரிய இடி. ஐந்து வயது மகன் கார் மோதி இறந்துபோனான். கழுத்தில் கட்டோடு இருந்த நேரத்தில் அந்தத் துக்கம். 1956 டிசம்பரில் இரண்டாம் நிலை அணியில் மறுபடி இறங்கினார். பழைய நிலைக்கு வர ரொம்பவே கஷ்டப்பட்டார். ஆனாலும் இன்னும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார்.

1964 ஏப்ரல் 15 அன்று அவருக்குப் பிரிவு உபசார ஆட்டம். சிட்டி, யுனைடெட் இரண்டு அணி வீரர்களும் சேர்ந்த ஒரு அணிக்கு அவர் கேப்டன். பாபி சார்ல்டனும் டெனிஸ் லாவும் அவருடைய அணியில் ஆடினார்கள். வந்த கூட்டம் 47,000-க்கும் மேல். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் உள்ளே புகுந்து கோல் போஸ்ட்டையே பிடுங்கிவிட்டார்கள். 15 வருடம் முன்பு 'வராதே' என்று ஊர்வலம் போன அதே மான்செஸ்டர்.

பிறகு ஸ்டாக்போர்ட் கவுன்டி கிளப்பில் மேலாளர், ஜெர்மனியில் சில சின்ன அணிகளுக்குப் பயிற்சியாளர். அடுத்து ஜெர்மன் கால்பந்து வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஏழை நாடுகளுக்குப் பயிற்சி தரப் போனார். முதலில் பர்மா. 1972 முனிச் ஒலிம்பிக்கில் பர்மா அணி ஆடி, சூடானை 2-0 என்று வென்றது. நம் தாத்தா பாட்டிமார் பிழைப்புக்குக் கப்பல் ஏறிப் போன அதே ரங்கூன்தான் அவருக்கும் புது வேலை கொடுத்த ஊர். அதன் பிறகு தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று 1988 வரை அந்த வேலை தொடர்ந்தது.

2004-ல் பிரிட்டன் அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. இங்கிலாந்து, ஜெர்மனி மக்களிடையே நட்பை வளர்த்ததற்காக. 2018-ல் அவருடைய கதை 'தி கீப்பர்' என்ற பெயரில் படமாகவும் வந்தது.

இப்படி இவர் ஒருவர்தானா?

இல்லை. ஹாம்பர்க்கைச் சேர்ந்த அலோயிஸ் ஐசென்ட்ரேகரும் போர்க்கைதியாக இங்கிலாந்து வந்தவர்தான். அவர் பிரிஸ்டல் சிட்டி அணிக்காக 1950-களில் 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். முன்கள வீரர், கோல் அடிப்பவர். கழுத்து உடையவில்லை, வெம்பிளி ஃபைனல் இல்லை. அதனால் அவரை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதம் ஒன்றுதான். வாரா வாரம் வந்து ஒழுங்காக ஆடினார், ஊர் பழகிக்கொண்டது.

நம்மூருக்கு இதில் என்ன இருக்கு?

கடலூர் மாவட்டத்துக்குக் கால்பந்தும் புதுசில்லை, உடைந்த வாழ்க்கையிலிருந்து எழுந்து வருவதும் புதுசில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகள் பலர் கால்பந்துக்குள் வந்தார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி அணி இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார்.

போர்க்கைதியும் சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளையும் ஒன்றில்லை. ஒருவர் தப்பான பக்கம் நின்று போரிட்டவர். இன்னொருவர் எந்தத் தப்பும் செய்யாதவர். ஆனால் இருவருக்கும் ஒரே மாதிரி தேவைப்பட்டது ஒன்று உண்டு. உள்ளே வா என்று கூப்பிட ஒரு கிளப், பக்கத்தில் நின்று பேச ஒரு கேப்டன் அல்லது கோச், பொறுமையாகப் பார்க்க ஒரு ஊர்.

அடிதடி வழக்கில் பெயர் வந்தவன், சிறுவர் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து திரும்பியவன், பக்கத்து ஊர் தகராறில் எதிர்ப்பக்கம் நின்றவன் என்று நம் ஊர் அணிகளிலும் "இவனைச் சேர்க்கலாமா?" என்ற கேள்வி வரத்தான் செய்கிறது. வெஸ்ட்வுட்டும் ஆல்ட்மனும் நடந்ததை மறக்கச் சொல்லவில்லை. ட்ராட்மேனும் நடந்ததை மறுக்கவில்லை. அவர்கள் வாய்ப்பு கொடுத்தார்கள். இவர் 15 ஆண்டுகள் அந்த இடத்தில் நின்று காட்டினார்.

அடுத்த முறை அந்த 17 நிமிட வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், கழுத்தோடு சேர்த்து அந்தக் கேப்டனையும் அந்தக் கடிதத்தையும் சொல்லிப் பகிருங்கள். கூடவே 108-ஐயும்.